அஸ்தம்பட்டி கோய் குளத்தில் தேங்கும் அடிக்கசடு

கோய் (வண்ண அலங்கார மீன்) குளத்தின் அடியில் கசடு தேங்குகிறது, ஃபில்டர் ஸ்பாஞ்சும் அடிக்கடி அடைக்கிறது, ஃபில்டரைப் பெரிதாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெரிதாக்கினாலும் அடிக்கசடு போகாது. தரை நடுவில் 4 அங்குல வடிகால் வையுங்கள்.

பம்ப் குளத்துக்குள்ளேயே கிடக்கிறது என்கிறீர்கள். அது மீன் கழிவைக் கூழாக அரைத்துத்தான் ஃபில்டருக்கு அனுப்பும். ஸ்பாஞ்ச் அடிக்கடி அடைப்பது அதனால்தான் இருக்கும். வடிகால் நீர் முதலில் படிவுத் தொட்டிக்கு, அதாவது கழிவு அடியில் தங்கும் தனித் தொட்டிக்கு, போகட்டும். தொட்டியின் நீர்மட்டமும் குளத்து மட்டமும் ஒன்றாக இருக்கும்படி கட்டினால், கடைசியில் பம்ப் இழுக்க இழுக்கத் தண்ணீர் குளத்திலிருந்து தானாகவே ஓடி வரும். அப்புறம் ஃபில்டர், கடைசியில் பம்ப்.

வடிகாலுக்காகத் தரையை உடைப்பதற்கு முன், பம்ப் ஓடும்போது ஒரு கைப்பிடி செம்மண்ணைத் தூவி எங்கே படிகிறது என்று பாருங்கள். மூலையில் என்றால் நடுவை நோக்கி வாட்டம் வேண்டும். கொத்தனார் ‘குளத்துக்கு எதுக்குங்க வாட்டம்?’ என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேட்டூர் குழாய் நீரை நேராக நிரப்ப வேண்டாம். அதிலுள்ள குளோரின் மீனின் செவுளையும் ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்தே கெடுக்கும்.