மதர்போர்டு மாற்றியதும் வால்பேப்பர் மாற்ற முடியவில்லை என்ற கேள்விக்கு

வணக்கம். மதர்போர்டு மாற்றிய பிறகு விண்டோஸ் 10-இல் வால்பேப்பர், நிறம் மாற்றும் பெர்சனலைசேஷன் பக்கம் முழுக்க மங்கிக் கிடக்கிறது, வைரஸாக இருக்குமோ என்று பயந்திருக்கிறீர்கள். வைரஸ் இல்லை, கவலைப்படாதீர்கள். விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு சேர்த்துத்தான் பதிவாகிறது. போர்டு மாறியதும் விண்டோஸ் உங்கள் கணினியை வேறொரு கணினி என்று நினைத்துக்கொள்கிறது. அதனால் ஆக்டிவேஷன், அதாவது உரிமம் சரியானது என்ற உறுதிப்பாடு, போய்விடுகிறது. அது போனாலும் மற்ற வேலைகள் ஓடும். நிறம், தீம், லாக் ஸ்கிரீன் போன்ற அலங்காரங்கள்தான் பூட்டப்படும்.

முதலில் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய் டிரபுள்ஷூட்டை அழுத்துங்கள். அதில் 'சமீபத்தில் வன்பொருள் மாற்றினேன்' என்ற பொருளில் ஓர் இணைப்பு வரும். பழைய போர்டு இருந்தபோதே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உரிமத்தை இணைத்திருந்தால், அதே கணக்கில் உள்நுழைந்து கணினியைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 2016-இல் வந்த வசதி இது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும்: விண்டோஸ் கணினியோடு சேர்ந்தே வந்ததா, தனியாக வாங்கினீர்களா? கூடவே வந்த ஓஇஎம் உரிமம் அந்தப் பழைய போர்டோடு போய்விடும். தனியாக வாங்கிய ரீட்டெயில் உரிமம் என்றால் புதிய போர்டுக்குத் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம்.

அதுவரை வால்பேப்பர் மட்டும் வேண்டுமா? படக்கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து டெஸ்க்டாப் பின்னணியாக வையுங்கள், அது வேலை செய்யும்.

அப்புறம், உரிமம் இல்லாமலே விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் இலவச ஆக்டிவேட்டர் என்று யாராவது கோப்பு அனுப்பினால் தயவுசெய்து தொடாதீர்கள். அதை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். உண்மையான வைரஸ் வருவது அந்த வழியாகத்தான்.