பாதியில் நின்றுபோகும் படம்: கோளாறு டிஸ்கிலா, பிளேயரிலா?

கேள்வி: எங்கள் வீட்டு ப்ளூரே பிளேயர் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. பாட்டு சிடி போட்டால் நன்றாகப் பாடுகிறது. டிவிடி படங்களில் சில ஒழுங்காக ஓடுகின்றன, சில பாதிப் படத்தில் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடுகின்றன. நாங்களே பதிந்து வைத்த குடும்ப வீடியோ டிஸ்க்குகளைப் போட்டால் பல நேரம் 'டிஸ்க் இல்லை' என்று காட்டுகிறது. லென்ஸ் கிளீனர் டிஸ்க் போட்டுப் பார்த்தேன், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, மறுபடி அதே கதை. பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா? புதிது எத்தனை காலம் உழைக்கும்?

பதில்: எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று நீங்கள் பிரித்து எழுதியதிலேயே பாதி விடை வந்துவிட்டது. பலர் 'பிளேயர் சரியாக ஓடவில்லை' என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு நேராக ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போய்விடுகிறார்கள். டிஸ்க் பிளேயர் விஷயத்தில் எந்த வகை டிஸ்க், எந்த இடத்தில், ஓட ஆரம்பித்து எவ்வளவு நேரம் கழித்து நிற்கிறது என்ற மூன்றையும் கவனித்தாலே, மூடியைத் திறக்காமல் கோளாறு எங்கே என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் அந்த சிடி விஷயம். "சிடி பாடுகிறதே, அப்படியென்றால் லென்ஸ், லேசர் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று நினைப்பீர்கள். அது சரியில்லை. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி, ப்ளூரேவுக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா ஒளி. பிக்கப் என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இவற்றுக்குத் தனித்தனி ஒளிமூலங்கள் இருக்கின்றன. ஒன்று தேய்ந்து மங்கிப்போன பிறகும் இன்னொன்று நன்றாகவே வேலை செய்யும். அதோடு, சிடியில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரான் இடைவெளி உண்டு, டிவிடியில் 0.74 தான், ப்ளூரேயில் 0.32. கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் சிடி பொறுத்துக்கொள்ளும், மற்ற இரண்டும் பொறுக்காது. சுழலும் வேகமும் அப்படித்தான்: பாட்டு சிடி நிமிடத்துக்கு 500 சுற்றில் தொடங்கி 200 வரை இறங்கும், டிவிடியோ தொடக்கத்திலேயே 1400 சுற்றை ஒட்டி ஓடும். தளர்ந்துபோன மோட்டார் சிடிக்குச் சமாளித்துவிட்டு டிவிடியில் கையை விரிப்பது இதனால்தான்.

அடுத்தது, படம் ஏன் சரியாகப் பாதியில் நிற்கிறது. படங்கள் வரும் டிவிடிகளில் நிறைய இரட்டை அடுக்கு டிஸ்க்குகள், 8.5 ஜிபி பிடிப்பவை. லேசர் முதல் அடுக்கை உள்வட்டத்திலிருந்து வெளிவிளிம்பு வரை படித்துவிட்டு, விளிம்பிலேயே இரண்டாம் அடுக்குக்குத் தாவி, அங்கிருந்து உள்நோக்கித் திரும்பி வரும். நல்ல பிளேயரிலும் அந்தத் தாவலில் ஒரு நொடிக்கும் குறைவாகப் படம் தயங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆக, படத்தின் நடுப்பகுதி என்பது டிஸ்கின் வெளிவிளிம்பு. நம் விரல் படுவதும் அங்கேதான், டிஸ்க் லேசாக வளைந்திருந்தால் ஆட்டம் அதிகம் தெரிவதும் அங்கேதான். இதற்கு மேல், ஒற்றை அடுக்கு டிவிடி லேசர் ஒளியில் 45 சதவீதத்துக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும், இரட்டை அடுக்கில் வருவது 18 முதல் 30 சதவீதம் மட்டுமே. மங்கிய லேசரும் அழுக்கு லென்ஸும் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ (RW) டிஸ்க்குகளும் ஏறக்குறைய இதே அளவுதான் ஒளியைத் திருப்புகின்றன. ஒருமுறை மட்டும் எழுதும் டிஸ்க் என்றால் ஒளி எவ்வளவு திரும்பும் என்பது, தகவல் பதியும் சாயத்தின் தரத்தையும், எழுதிய டிரைவ் எப்படி எழுதியது என்பதையும் பொறுத்தது. அதனால் ஒரு பிளேயர் கிழடாகும்போது பெரும்பாலும் பதிந்த டிஸ்க்குகளையும் இரட்டை அடுக்கு டிஸ்க்குகளையும்தான் முதலில் கைவிடும். உங்கள் பட்டியல் அதோடு அப்படியே பொருந்துகிறது.

ஆனால் முடிவு கட்டும் முன் ஒரு சோதனை. பிளேயரை நன்றாக ஆறவிட்டு, நிற்கும் படத்தைப் போட்டு, நேராக நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால் தாவி ஓடவிடுங்கள். அதே இடத்தில் நின்றால் டிஸ்கோ, பிக்கப்போ, அது நகரும் தண்டவாளமோ காரணம். அந்த இடத்தைத் தாண்டி ஓடிவிட்டு, வழக்கமாக நிற்கும் அதே நேரக்கணக்கில், எந்தக் காட்சியாக இருந்தாலும் நிற்கிறதென்றால் அது சூடு. சூடு என்றால் லென்ஸைத் துடைப்பதில் பயனில்லை, காற்று போகும் துளைகளையும் பின்பக்க விசிறி இருந்தால் அதையும் பாருங்கள், ஆம்ப்ளிஃபயர் மேலே ஏற்றி வைத்திருந்தால் கீழே இறக்குங்கள். அப்புறம் அதே டிஸ்கை வேறொரு பிளேயரிலோ கணினியிலோ போட்டுப் பார்த்துவிட்டால் டிஸ்க் மேல் உள்ள சந்தேகமும் தீர்ந்துவிடும்.

'டிஸ்க் இல்லை' என்று வரும்போது காதைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள். டிரே உள்ளே போனதும் லென்ஸ் மேலும் கீழும் அசைந்து குவியம் தேடும், மெல்லிய டிக் டிக் சத்தம் வரும், ஒளி திரும்பி வந்தால் டிஸ்க் வேகம் பிடிக்கும். டிக் டிக் மட்டும் கேட்டு டிஸ்க் சுற்றவே இல்லை, வகை வகையாக எல்லா டிஸ்கிலும் இதே கதை என்றால் லென்ஸ் அழுக்கு அல்லது லேசர். சுற்ற ஆரம்பித்து, வேகம் பிடிக்க முடியாமல் மறுபடி மறுபடி முயன்றால் மோட்டார் பக்கம் பாருங்கள். டிஸ்க் வேகமெடுக்கும் அந்தக் கணத்தில் முகப்பு விளக்கு மங்கி, பிளேயர் தானாக அணைந்து எழுந்தால் பவர் சப்ளையில் கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உருளை) உப்பியிருக்கும், அதற்கும் பிக்கப்புக்கும் சம்பந்தமே இல்லை, பாகமும் சின்னதுதான்.

டிஸ்க் துடைப்பது எல்லாருக்கும் தெரிந்த வேலை மாதிரி இருந்தாலும் பெரும்பாலோர் தப்பாகத்தான் துடைக்கிறார்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் இழுங்கள். துடைக்கும்போது ஒரு தூசி இழுபட்டுக் கீறினாலும் அந்தக் கீறல் தடங்களைக் குறுக்கே வெட்டும், குறுக்குக் கீறலைப் பிழைதிருத்தம் சமாளித்துவிடும் (சிடியில் தொடர்ச்சியாக 2.4 மில்லிமீட்டர் வரை தகவல் போனாலும் மீட்டெடுக்கும்). தடத்தோடு சேர்ந்து ஓடும் வட்டக் கீறல் அப்படியில்லை, ஒரே இடத்தில் நிறைய தகவலைத் தின்றுவிடும். மென்மையான துணி, வெறும் தண்ணீர், பிசுக்கு இருந்தால் ஒரு துளி பாத்திர சோப்புத் திரவம் போதும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் பக்கத்திலேயே வரக்கூடாது, டிஸ்கின் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டை வெண்மையாக்கிவிடும். பற்பசை வைத்துத் தேய்க்கும் வித்தையை டிவிடியில் ஆழமில்லாத கீறலுக்கு வேறு வழியே இல்லாதபோது முயன்று பார்க்கலாம், ப்ளூரேயில் கூடவே கூடாது, அதில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, மேலே இருக்கும் கடினப் பூச்சைத் தேய்த்துவிட்டால் டிஸ்க் கெட்டது கெட்டதுதான். சிடியில் இதற்கு நேர் எதிர்: தகவல் அடுக்கு லேபிளுக்கு அடியிலேயே இருப்பதால், பளபளக்கும் பக்கத்தை விட எழுத்து இருக்கும் பக்கத்தில் விழும் கீறல்தான் ஆபத்து.

உங்கள் லென்ஸ் கிளீனர் டிஸ்க் சில நாள் பலன் தந்தது ஒரு நல்ல தடயம். லென்ஸில் அழுக்கு இருந்தது, தூரிகை அதைக் கொஞ்சம் தள்ளிவிட்டது, முழுதாக எடுக்கவில்லை. சமையல் புகை, ஊதுபத்திப் புகை, சிகரெட் எல்லாம் லென்ஸில் ஒரு எண்ணெய்ப் படலமாகப் படியும், உலர்ந்த தூரிகைக்கு அது முழுதாக வராது. வாரண்டி முடிந்திருந்தால், ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, பஞ்சுக்குச்சியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை லேசாக நனைத்து, லென்ஸின் மேல் எடையே கொடுக்காமல் இரண்டு சுற்று, அப்புறம் உலர்ந்த குச்சியால் ஒரு சுற்று. லென்ஸ் மயிரிழை மாதிரிக் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அழுத்தினால் அவை வளையும், அதோடு கதை முடிந்தது. இரண்டு எச்சரிக்கை: பவர் சப்ளை பக்கம் கையை வைக்காதீர்கள், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கிருக்கும் பெரிய கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். மூடி திறந்த நிலையில் ஓடவிட்டு லென்ஸுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், அகச்சிவப்பு லேசர் எரிகிறதா என்பதே உங்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கண்ணைக் கெடுப்பது மட்டும் நிச்சயம்.

திறந்ததுதான் திறந்தீர்கள், பிக்கப் முன்னும் பின்னும் நகரும் தண்டையும் பாருங்கள். தொழிற்சாலையில் தடவிய கிரீஸ் காலப்போக்கில் இறுகி, பழுப்பு நிறமாகி, தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கும். பிக்கப் விளிம்பு வரை சிரமப்பட்டுப் போகும், அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவினால் மாட்டிக்கொள்ளும். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு பிளாஸ்டிக்குக்கு ஒத்துப்போகும் வெள்ளை கிரீஸை ஒரு பொட்டு வைத்தால் போதும். சமையல் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், துருநீக்கும் ஸ்பிரே எதையும் வைக்காதீர்கள், ஒழுகி லென்ஸ் மேலேயே போய் உட்காரும். டிரே திறக்க அடம்பிடித்தால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், அளவு பார்த்து மாற்றினால் தீர்ந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் இரட்டை அடுக்கு டிஸ்க்குகள் திக்கினால் லேசர் தேய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிக்கப்பின் பக்கவாட்டில் இருக்கும் குட்டித் திருகைத் திருப்பி லேசரின் சக்தியைக் கூட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். மிச்சமிருக்கும் ஆயுளைச் சில வாரங்களில் எரித்துத் தீர்க்கும் வழி அது. பிக்கப்பையே மாற்றலாமா என்றால், சாதாரண டிவிடி பிளேயருக்கு நிச்சயம் மாற்றலாம், பல பிராண்டுகளுக்கு உள்ளே ஒரே மாதிரி பிக்கப்தான், மாடல் எண் அதன் மேலேயே ஒட்டியிருக்கும். புதிய பிக்கப்பில் நிலைமின்சாரப் பாதுகாப்புக்கு ஒரு சொட்டு சால்டர் வைத்து வரும், கேபிளை மாட்டிய பிறகு அதை எடுக்க மறந்தால் புதியதும் ஓடாது, பிறகு போலிச் சரக்கு என்று விற்றவரைத் திட்டுவோம். ப்ளூரே பிக்கப் வேறு கதை. விலை கூட, கிடைப்பது கஷ்டம், சிலவற்றில் மாற்றியபின் அளவீடு சரிசெய்ய வேண்டும். உங்களுடையது ப்ளூரே பிளேயர் என்பதால், துடைத்துப் பார்த்துச் சரியாகவில்லை என்றால் புதிது வாங்குவதே என் ஓட்டு.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு அந்தக் குடும்ப வீடியோ டிஸ்க்குகள். பிளேயர் போனால் வாங்கிக்கொள்ளலாம், அவை போனால் வராது. ஒருமுறை மட்டும் எழுதும் டிஸ்கில் தகவல் இருப்பது பெரும்பாலும் கரிமச் சாயத்தில், வெயிலும் சூடும் ஈரமும் அதை மங்கவைக்கும். இந்த வாரமே கணினி டிரைவில் போட்டு இரண்டு இடங்களில் நகல் எடுத்துவிடுங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், அதனால் ஒன்றில் தோற்றால் விட்டுவிடாதீர்கள். கேம்கோடரிலோ ரெக்கார்டரிலோ பதிந்து ஃபைனலைஸ் (பதிவை முடித்து மூடும் வேலை) செய்யாமல் விட்ட டிஸ்க்குகளும் வேறு பிளேயரில் காலியாகவே தெரியும், அவை கெட்டவை அல்ல, பதிந்த கருவியிலேயே போட்டு முடித்துவைத்தால் எழுந்துவிடும். லேபிள் பக்கம் காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைப் பிய்க்க வேண்டாம், சிடி வகை என்றால் தகவல் படலமும் சேர்ந்து வந்துவிடலாம்.

புதியது எத்தனை காலம் உழைக்கும் என்பதற்கு ஒரே எண்ணாகப் பதில் கிடையாது, அது பயன்பாட்டையும் சூட்டையும் பொறுத்தது. எப்போதாவது ஓடவிடுவது நல்லது, வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் கிரீஸ் இறுகும், பெல்ட் ஒரே வடிவத்தில் படிந்துவிடும். நாள் முழுக்க ஸ்டாண்ட்பையில் விடாமல் சுவிட்சை அணைத்தால் கெபாசிட்டருக்கு ஆயுள் கூடும். குளிர்ந்த இடத்திலிருந்து கொண்டுவந்த உடனே போடாதீர்கள், லென்ஸில் பனி படியும், ஒரு மணி நேரம் விட்டுப் போடுங்கள். புது ப்ளூரே படம் மட்டும் ஓடவில்லை, பழையது ஓடுகிறது என்றால் பழுது என்று நினைக்க வேண்டாம், ஃபர்ம்வேர் (பிளேயருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்தால் போதும், நகல் தடுப்புச் சாவிகள் மாறிக்கொண்டே இருப்பதால் வரும் தொல்லை அது. டிஸ்கின் மண்டலக் குறியும் (எந்த நாடுகளுக்கானது என்று காட்டும் குறி) பிளேயரின் குறியும் ஒத்துப்போகின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வாங்குவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஓப்போ 2018இல் ப்ளூரே பிளேயர் தொழிலை விட்டது, சாம்சங் 2019இல் அமெரிக்காவுக்குப் புது ப்ளூரே மாடல் கொண்டுவருவதை நிறுத்தியது, எல்ஜியும் 2024இல் ஒதுங்கிக்கொண்டது. இருக்கும் தேர்வுகள் குறைந்துகொண்டே போகின்றன. பழைய பிளேயரைக் கைமாற்றி வாங்குவதாக இருந்தால், சிடி போட்டுப் பாட்டுக் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள், இரட்டை அடுக்கு டிவிடி ஒன்றையும் ப்ளூரே ஒன்றையும் கையோடு கொண்டுபோய், டிவிடியைப் படத்தின் நடுவுக்குத் தாவி அடுக்கு மாறும் இடம் வரை ஓடவிட்டுப் பாருங்கள், ப்ளூரேயைக் கடைசி அத்தியாயத்திலும் ஒரு பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.