பவுல் ஆட்டத்தை விடச் சொல்வதற்கு முன்

டெக்சாஸிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் லைன்பேக்கர் (தடுப்பு வரிசை ஆட்டக்காரர்), மூன்றாம் ஆண்டு. ஆறு ஆட்டங்கள் ஜெயித்து, சீசன் முடிந்தபின் நடக்கும் பவுல் ஆட்டத்துக்கு அழைப்பும் வந்துவிட்டது. "ஆடாதே, முழங்கால் போச்சுன்னா என்எஃப்எல்லும் போச்சு" என்று பெரியப்பாவும் மாமாவும் தினமும் போன் போடுகிறார்களாம். என்எஃப்எல் என்பது தொழில்முறை லீக். பையனுக்கோ ஆட ஆசை.

பயம் நியாயமானதுதான், அம்மா. 2016 ஜனவரி 1 அன்று ஃபியஸ்டா பவுலில் நோட்ரே டாம் பல்கலைக்கழக அணியின் ஜெய்லன் ஸ்மித்துக்கு முழங்கால் போனது. அவரும் லைன்பேக்கர்தான். என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சில இடங்களுக்குள் வருவார் என்று பேசப்பட்டவரை இரண்டாம் சுற்றில், 34ஆவதாகத்தான் எடுத்தார்கள். அடுத்த சீசன் முழுக்க அவர் ஆடவே இல்லை.

அதற்காக, அந்த வருட டிசம்பரில் பவுலை விட்டு விலகிய கல்லூரி நட்சத்திரங்கள் லெனார்ட் ஃபோர்னெட்டையும் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியையும் உங்கள் மகனுக்கு உதாரணம் காட்டுவதை ஏற்க மாட்டேன். 2017 டிராஃப்டில் அவர்கள் 4ஆவதும் 8ஆவதும். இழக்க அவர்களிடம் ஏதோ இருந்தது. உங்கள் மகன் எந்தச் சுற்றில் போவான் என்று பெரியப்பாவுக்கோ மாமாவுக்கோ தெரியுமா? 2025இல் நோட்ரே டாம் அணியே பவுல் வேண்டாம் என்றதே என்பார்கள். சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் வாய்ப்பு கைநழுவிய அணி எடுத்த முடிவு அது. ஒரு பையனின் எதிர்காலக் கணக்குக்கு அது பொருந்தாது.

யாரும் உங்களிடம் சொல்லாத ஒரு வழி இருக்கிறது. என்எஃப்எல்லுக்குக் கல்லூரி ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. படிப்புக் காலம் மீதமிருக்கும் வீரர்களுக்காகவே வைத்திருப்பது. அணிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் அனுபவசாலிகள் அதில் இருக்கிறார்கள். வீரர் தன் கல்லூரி வழியாகக் கேட்க வேண்டும். பயிற்சியாளரின் அலுவலகத்துக்கு நடைமுறை தெரியும். ஆட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு மூன்றில் ஒரு பதில் தருவார்கள்: முதல் சுற்றுக்கு வாய்ப்பு, இரண்டாம் சுற்றுக்கு வாய்ப்பு, இரண்டும் இல்லை. மூன்றாவது பதிலுக்கு அர்த்தம், கல்லூரியிலேயே இரு என்பதுதான். அந்தப் பதில் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் ஊகத்தில் பேசும் பத்து பேரை விட அது மேல். அந்த மூன்றாவது பதில் வந்து, அவன் அடுத்த வருடமும் இதே அணியில் ஆடப்போகிறான் என்றால், பவுலை விடுவதால் என்ன மிச்சம்? டிசம்பர் முழுக்கக் கிடைக்கும் பயிற்சியும், அடுத்த வருட இடத்துக்காகக் காட்டவேண்டிய ஆட்டமும்தான் போகும். முதல் சுற்று என்று வந்தால் விலகுவது பற்றி நானே அவனோடு உட்கார்ந்து பேசுகிறேன்.

பண விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன். டிராஃப்ட் பயிற்சிக்காக வீட்டின் மேல் கடன் வாங்காதீர்கள். உண்மையிலேயே மதிப்புள்ள வீரருக்கு அந்தச் செலவை ஏஜென்டே ஏற்பது வழக்கம். ஒப்பந்தத்தில் அவர் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 3 சதவீதம். முன்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காப்பீடு எடுப்பதானால், காயத்தால் டிராஃப்டில் இடம் இறங்கினாலும் பணம் தருமா, ஆடவே முடியாமல் போனால் மட்டும்தானா என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டும் வேறு வேறு பாதுகாப்பு.

அப்புறம், அவன் ஆட ஆசைப்படுவதைக் குழந்தைத்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அடி வாங்கப்போவது அவன் உடம்பு, மூன்று வருடம் கூட ஆடியவர்கள் அவன் நண்பர்கள். அணி மருத்துவர் முழங்காலைப் பார்த்துச் சரி என்றால், முடிவு அவனுடையது. பெரியப்பாவிடம் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவன் அல்ல. குழுவுக்கு விண்ணப்பிக்கும் கெடு டிசம்பரிலேயே முடிந்துவிடும். இந்த வாரமே பயிற்சியாளரிடம் கேட்கச் சொல்லுங்கள்.