கடவுள் இருக்கார்னு ப்ரூஃப் வந்தா என்ன பண்ணுவீங்க? – கேள்வி பதில்

கே: சார், நிரூபிச்சா ஒத்துக்குவீங்களா? மழுப்பாம சொல்லுங்க.
ப: ஒத்துக்குவேன். பெரியார்கிட்ட இதையே கேட்டப்போ, வந்தா இருக்கார்னு சொல்லிட்டுப் போறேன்னாராம், அதான் என் பதிலும். ஆனா எதைப் பார்த்தா ஒத்துக்குவோம்னு முன்னாடியே எழுதி வச்சிடணும், ரெண்டு பக்கமும்.

கே: 1995 செப்டம்பர்ல பிள்ளையார் பால் குடிச்சாரே?
ப: பரப்பு இழுவிசை. ஸ்பூன் விளிம்புல நிக்கிற பால் தும்பிக்கையில பட்டதும் சிலை மேலயே மெல்லிசா வழிஞ்சிடும். பால்ல கலர் கலந்து குடுத்தப்போ வழிஞ்ச தடம் நல்லாவே தெரிஞ்சுது.

கே: பானைன்னா குயவன் இருக்கணும், அப்போ உலகத்துக்கு?
ப: இது லேசான வாதம் இல்லங்க, சைவ சித்தாந்தத்தோட அடிப்படை நூலான சிவஞானபோதத்துல முதல் சூத்திரமே கிட்டத்தட்ட இதான், உலகம் தோன்றி நின்னு ஒடுங்குது, அதனால ஒருத்தன் வேணும்னு. குயவன் மண்ணை உண்டாக்கலையேன்னு மடக்கினா சித்தாந்தி அசர மாட்டார், மாயைங்கற மூலப்பொருள்தான் மண்ணு, அது என்னிக்கும் இருக்குன்னுடுவார். என் சிக்கல் வேற. குயவன் சக்கரம் சுத்துறதை நாம கண்ணால பார்த்திருக்கோம், அதனால புதுசா ஒரு பானையைப் பார்த்தாலும் குயவன்னு சொல்லிடறோம். உலகம் உண்டாகுறதை ஒரு தடவைகூட யாரும் பார்க்கலையே, எதை வச்சு ஒப்பிடறது?

கே: எங்க வீட்டுப் பிள்ளையாரும் குடிச்சார் சார்.
ப: மேல பால் பத்தி சொன்ன பதிலையே படிங்க.

கே: கம்ப்யூட்டரே நிரூபிச்சிடுச்சாமே?
ப: 2013ல பென்ஸ்முல்லர், பலேயோன்னு ரெண்டு பேர் கடவுள் இருக்கார்னு கணித மேதை கோடல் வச்ச வாதத்தை கம்ப்யூட்டர்ல போட்டாங்க. இந்த அடிப்படைகளை ஏத்துக்கிட்டா இந்த முடிவு வரும்னு மட்டும்தான் அது சொல்லுச்சு, அடிப்படை சரியான்னு சொல்லல. அதுலயும் அதை அப்படியே ஏத்துக்கிட்டா நடந்தது எதுவுமே வேற மாதிரி நடந்திருக்க முடியாதுன்னு ஆயிடும், நீங்க காலைல டீ குடிச்சது உட்பட.

கே: ஒத்துக்கிட்டா கோயிலுக்கு வருவீங்கல்ல?
ப: இருக்கார்ங்கறது ஒரு தகவல், கும்பிடுறது வேற விஷயம். 2004 சுனாமி பத்தி நாலு கேள்வி பாக்கி இருக்கு.

கே: நட்சத்திரமெல்லாம் நகர்ந்து திருக்குறள் எழுதினாக்கூட ஏலியன் வேலைம்பீங்க!
ப: நல்லா அடிச்சீங்க. 2010ல இதுக்கே ரெண்டு அமெரிக்க பயாலஜிஸ்டுங்க, ரெண்டு பேருமே நாத்திகர், மோதிக்கிட்டாங்க. எதைக் காட்டினாலும் நம்ப மாட்டேன்னார் பி.இசட். மயர்ஸ், சரியான ஆதாரம் இருந்தா மாறுவேன்னார் ஜெர்ரி காயின். நான் காயின் கட்சி.

கே: (அதே ஆள்) மயர்ஸ் மாதிரி ஆளை என்னன்னு சொல்றது? மூடநம்பிக்கைதானே?
ப: அவர் வாதம் வேற, கடவுள்னா என்னன்னே ஒழுங்கா சொல்லல, எதுக்கு ஆதாரம் தேடறதுங்கறார். அதுல பாதி நியாயம் இருக்கு.

கே: பாதி நியாயமா? நழுவாதீங்க சார். குறள் எழுதினா ஒத்துக்குவீங்களா மாட்டீங்களா?
ப: எல்லா ஊர்லயும் எல்லா டெலஸ்கோப்லயும் ஒரே மாதிரி தெரிஞ்சா நம்மளைவிடப் பெரிய அறிவு ஒண்ணு இருக்குன்னு அன்னிக்கே ஒத்துக்குவேன். உலகத்தைப் படைச்சதும் அதானாங்கறதுக்குத் தனி ஆதாரம் கேப்பேன். அதையும் எழுதி வச்சுக்குங்க. பால் பத்தி இன்னும் மூணு பேர் கேட்டிருக்கீங்க, பதில் கிடையாது.