இழுக்காத நாளிலும் வண்டியில் கொக்கி இருக்க வேண்டுமா?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பள்ளத்தூரில் கல்யாணம், சாந்தி, படைப்பு வீடுகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டு வருகிறேன். இரண்டு சக்கர டிராலியில் பொருத்திய ஜெனரேட்டரை என் பிக்அப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்வேன். முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை இருக்கும். மற்ற மாதங்களில் இரண்டு நாள் கிடைத்தாலே பெரிது. கொக்கி மட்டும் ஆண்டு முழுவதும் வண்டியிலேயே கிடக்கிறது. சென்ற மாதம், இருட்டு விலகாத காலை நேரத்தில், வாசலில் கோலம் போட்டுக்கொண்டே பின்னுக்கு நகர்ந்து வந்த பக்கத்து வீட்டு ஆச்சிக்கு அந்தக் கொக்கி கெண்டைக்காலில் பட்டுக் கிழித்து, ஐந்து தையல் போடும்படி ஆகிவிட்டது. ஆச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. ஆனால் பின்னாலிருந்து யாரேனும் மோதினால் கொக்கிதான் வண்டியைக் காப்பாற்றும் என்றும், அதைக் கழற்றக் கூடாது என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

– ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: கழற்றிவிடுங்கள். டிராலியை அவிழ்த்துவிட்ட கையோடு, வண்டியைத் தெருவில் நிறுத்துவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். உங்கள் கொக்கி கழற்றி மாட்டக்கூடிய வகையாக இருந்தால் இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை என்பது, காரைக்குடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டறை நடத்திய என்னுடைய உறுதியான எண்ணம்.

ஆச்சிக்கு நேர்ந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. கோலம் போடுகிறவர் இடுப்பை வளைத்து, கண்ணைப் புள்ளியில் வைத்து, வரிசை நிறைய நிறைய ஓரோர் அடியாகப் பின்னுக்குத்தான் வருவார். வண்டியின் உடம்பு எங்கே முடிகிறது என்பது அவருக்கு ஓரளவு தெரிந்திருக்கும், ஆனால் அதற்கும் அப்பால் ஒரு சாண் தூரம் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்பு அவருடைய கணக்கில் இருக்காது. கருப்பு வர்ணம் பூசிய கொக்கி விடியற்காலை வெளிச்சத்தில் கண்ணுக்கும் தெரியாது. அதன் உயரத்தையும் நினைத்துப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதிமுறை 55, சுமையேற்றிய காரில் கொக்கியின் நுனியிலுள்ள இழுவைப் பந்தின் மையம் தரையிலிருந்து 350 முதல் 420 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பெரியவர்களுக்கு அது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் சதையே இல்லாத இடம். நடை பழகும் பிள்ளைக்கு வயிறு. தவழும் பிள்ளைக்கு நெற்றி. சுமையில்லாமல் நிற்கிற பிக்அப்பில் கொக்கி இன்னும் உயரத்தில் இருக்கும். அங்கே பெரியவர்களின் முழங்கால் சில்லே இடிபடும்.

அகலமான பம்பரில் ஒருவர் மோதினால் அந்த அடி பல இடங்களுக்குப் பரவுகிறது. உள்ளங்கையால் தள்ளுவதற்கும் உளியால் குத்துவதற்கும் உள்ள வேறுபாடுதான் பம்பருக்கும் கொக்கிக்கும் உள்ள வேறுபாடு. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் இரும்புப் பந்தோ, நம் பக்கத்து டிராலிகளுக்குப் பெரும்பாலும் வைக்கிற, இரண்டு தகடுகளுக்கு நடுவே பின் செருகும் வாயோ, மொத்த அடியையும் ஒரே இடத்தில் இறக்கிவிடும். வளைந்து கொடுப்பதற்கும் அதில் ஒன்றுமில்லை. நேராகச் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, முடுக்கப்பட்ட இரும்பு அது.

நண்பர்கள் சொல்லும் பாதுகாப்பு வாதத்துக்கு வருகிறேன். இது பல ஆண்டுகளாகப் பட்டறை வாசல்களில் நான் கேட்டுவருகிற வாதம். மெதுவாக வந்து முட்டுகிற வண்டியின் முகப்பு நொறுங்கி, நம் வண்டியில் ஒரு கீறலும் இல்லாமல் போவதைப் பார்த்தவர்கள் அப்படி நம்புவது இயல்புதான். ஆனால் பம்பரும் அதற்குப் பின்னாலுள்ள குறுக்குச் சட்டமும் மோதலின் வேகத்தைத் தாங்கள் நசுங்குவதன் மூலம் வாங்கிக்கொள்வதற்காக வைக்கப்பட்டவை. அவை நசுங்குவதற்கு முன்பே கொக்கி அடியை வாங்கினால், அது குறையாமல் சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து இருக்கைக்கும், இருக்கையிலிருந்து உட்கார்ந்திருப்பவரின் கழுத்துக்கும் போய்ச் சேருகிறது. பின்னால் மோதப்பட்ட கார்களை ஆராய்ந்த சுவீடன் நாட்டு விபத்து ஆய்வாளர்கள், இழுவைக் கொக்கி பொருத்திய கார்களில் இருந்தவர்களுக்குக் கழுத்துப் பாதிப்பு கூடுதலாக இருந்ததை எழுதியிருக்கிறார்கள். பம்பர் ஒடிந்தால் மாற்றிக்கொள்ளலாம். சேஸிஸ் கோணிக்கொண்டால் நிமிர்த்தும் செலவும் பெரிது, நிமிர்த்திய பிறகும் வண்டி பழையபடி நேராக ஓடும் என்பதற்கு உறுதியில்லை. முட்டுகிறவர் மொபெட்டில் வருகிற பள்ளிப் பிள்ளையாக இருந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் நண்பர்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

நம் ஊர்த் தெருக்களுக்கு இதில் ஒரு தனி நிலைமை உண்டு. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகளுக்கு இடையே, உயர்ந்த மதில்களை ஒட்டித்தான் வண்டிகளை நிறுத்துகிறோம். நடந்து போகிறவர்கள் வண்டிக்கும் மதிலுக்கும் இடையே உள்ள சந்து வழியாகவே நுழைந்து போகிறார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடக்கிற பாதயாத்திரைக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் சாமான், தண்ணீர், ஜெனரேட்டர் என்று உடன் செல்லும் வண்டிகள் சாலையோரத்தில் வரிசையாக நிற்கும்; அரைத் தூக்கத்தில், வெறுங்காலோடு, முன்னால் நடப்பவரின் முதுகைப் பார்த்தபடி அடியார்கள் அந்த வண்டிகளை ஒட்டியே நடந்து செல்வார்கள். அங்கே போகிற வண்டி உங்களுடையதானால், டிராலியை அவிழ்த்துத் தங்குமிடத்தில் விட்டபின் கொக்கியோடு சாலையோரத்தில் நிற்க வேண்டாம் என்று உங்களிடம் வேண்டியே கேட்டுக்கொள்கிறேன்.

மாட்டு வண்டிக் காலத்தில் இந்த ஒழுங்கு நம்மிடம் இருந்தது. மாட்டை அவிழ்த்தவுடன் வண்டியைத் திருப்பி, ஏர்க்காலையும் நுகத்தடியையும் சுவர்ப்பக்கமாக விடுவார் என் தகப்பனார். தெருப்பக்கம் நீட்டிவிட்டுப் போனால் என் அப்பத்தாவிடம் அவருக்கே வசவு விழும்.

கழற்றுவது ஐந்து நிமிட வேலை. கொக்கி செருகியிருக்கிற சதுரக் குழாயின் பக்கவாட்டில் ஒரு குறுக்குப் பின் இருக்கும். அதன் முனையில் இருக்கும் கிளிப்பை விரலால் இழுத்தெடுத்து, பின்னை உருவி, கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் எடுக்காத கொக்கி முதல்முறை வராது. நம் செம்மண் புழுதி மழைநீரோடு சேர்ந்து உள்ளே இறுகி, துருவும் அதுவும் ஒரே கட்டியாகி இருக்கும். துரு நீக்கும் எண்ணெயை நான்கு பக்கமும் விட்டு ஓரிரவு ஊற வையுங்கள். மறுநாள் மரச் சுத்தியால் இடமும் வலமுமாகத் தட்டினால், முதலில் கெட்டியாகக் கேட்கும் சத்தம் மெல்ல மாறிக் கலகலக்கத் தொடங்கும். அப்போது இழுத்தால் செங்காவிப் பொடி உதிர்ந்துகொண்டே வெளியே வந்துவிடும். இரும்புச் சுத்தியால் பந்தின் மேல் அடிக்காதீர்கள், பந்து நெளிந்தால் டிராலி சரியாகப் பூட்டாது. உட்புறத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவி, குழாயின் வாயை ரப்பர் மூடியால் மூடிவிட்டால் அடுத்த முறை சுத்தியே தேவைப்படாது.

கொக்கியின் மேல் பழைய டென்னிஸ் பந்தை வெட்டி மாட்டுவதும், சிவப்புத் துணி கட்டுவதும் கண்ணுக்குத் தெரிய உதவும். காலை அவை காக்காது.

கேள்வி: என்னிடமுள்ள ஜீப்பில் கொக்கியைச் சேஸிஸோடு வெல்டிங் வைத்துவிட்டார்கள். கழற்றவே வழியில்லை. கலவை மெஷினை எப்போதாவதுதான் இழுக்கிறேன். சட்டப்படி இது தவறா? வெளிநாடுகளில் எப்படி?

– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: வண்டியைத் தயாரித்தவர் கொடுத்த இழுவை வளையம் வேறு, நாமாக வெல்டிங் வைத்த கொக்கி வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், வண்டிகளின் முன்பக்கம் பொருத்தப்படும் கிராஷ் கார்டு, புல் பார் என்கிற இரும்புத் தடுப்புகள் இந்த 52-ஆவது பிரிவுக்கு முரணானவை என்றும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் கூறியது. அந்தக் கடிதம் பின்பக்கக் கொக்கியைப் பற்றியது அல்ல. இருந்தாலும், நடப்பவர் மேல் படும் இரும்பு முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம் இழப்பீடு கேட்கும் நாளில் வழக்காக வந்து நிற்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதைவிட உடனடியாகப் பார்க்க வேண்டியது நம்பர் பிளேட். 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவுத் தகடு கட்டாயம். எந்த வண்டியானாலும் பதிவெண் மறையாமல் தெரிய வேண்டும். ஜீப்புக்கு இருபதடி பின்னால் போய் நின்று பாருங்கள். கொக்கி ஓர் எழுத்தை மறைத்தாலும் அது குற்றத்துக்கு இடம் தரும். நீங்கள் கேட்ட வெளிநாட்டு நிலைமையும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. இழுக்காத போது கொக்கியைக் கழற்றியே ஆக வேண்டும் என்று எல்லா நாடுகளுக்கும் பொதுவான சட்டம் ஏதுமில்லை; ஆனால் பிரிட்டனில் கொக்கியின் பந்து பதிவெண்ணை மறைத்தால் ஓட்டுநர் மேல் குற்றம் வரும், ஆகவே அங்கே கழற்றக்கூடிய வகையையே பலரும் வாங்குகிறார்கள்.

உங்களுக்கு என் யோசனை: வெல்டிங் கொக்கியை அறுத்தெடுக்கச் சொல்லுங்கள். அறுக்கும் வேலையைத் தெரிந்த பட்டறையில் கொடுங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டீசல் டாங்க் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் தீப்பொறி பறக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். இழுவை தேவையென்றால் உங்கள் ஜீப்பின் எடைக்கென்று தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட, போல்ட்டில் முடுக்கும் வகையை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பொருத்துங்கள். அதுவரை வண்டியின் பின்பக்கம் மதிலைப் பார்த்திருக்குமாறு, இடையில் ஒருவர் நுழையும் சந்து விடாமல் நிறுத்துங்கள்.

கேள்வி: புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றிச் செல்லும் டிராக்டர் வைத்திருக்கிறேன். டிரெய்லரை அவிழ்த்த பிறகு டிராக்டர் கொக்கியையும் கழற்ற வேண்டுமா?

– ஒரு வாசகர், புதுவயல்

பதில்: வேண்டாம். டிராக்டர் கொக்கி தயாரிப்பிலேயே அதன் உறுப்பு. பெரிய பின்சக்கரங்களுக்கு நடுவே இருப்பதால் நடப்பவர் காலில் அது படும் வாய்ப்பும் குறைவு. உங்களுக்கு வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவிழ்த்துவிட்ட டிரெய்லரின் ஏர்க்கால் சாலைப்பக்கம் நீட்டிக்கொண்டு, இருட்டில், ஒரு பிரதிபலிப்பானும் இல்லாமல் கிடப்பதை ஆலைகளுக்குப் போகும் வழியெங்கும் பார்க்கிறேன். மிதிவண்டியில் வருகிறவருக்கு அது நெஞ்சுக்கு நேரே நிற்கிற குழாய். டிரெய்லரைச் சாலையை விட்டு முழுவதும் உள்ளே தள்ளி, ஏர்க்காலை வயல்பக்கமாகத் திருப்பி, சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை போட்டு நிறுத்துங்கள். ஏர்க்கால் முனையிலும் டிரெய்லரின் பின்பலகையிலும் சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டை ஒட்டுங்கள். பூட்டும் பின்னுக்குப் பதிலாக வளைத்த கம்பியைச் செருகி ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். திருப்பத்தூர் சாலையின் ஓர் இறக்கத்தில் அப்படிக் கழன்று ஓடிய டிரெய்லரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்குக் குறுக்கே அன்று யாரும் வராதது கடவுள் புண்ணியம்.

கேள்வி: கழற்றி வைத்தால் பின்னும் கிளிப்பும் தொலைந்துபோகின்றன. கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் தேட வேண்டியிருக்கிறது. என்ன வழி?

– ஒரு வாசகர், கோட்டையூர்

பதில்: கொக்கியைக் கழற்றியவுடன் பின்னைக் கொக்கியிலுள்ள அதே துளையில் செருகிக் கிளிப்பை மாட்டிவிடுங்கள், அப்போது இரண்டும் கொக்கியை விட்டுப் பிரியாது. அல்லது மெல்லிய இரும்புச் சங்கிலியால் மூன்றையும் கட்டுங்கள். எண்ணெய்த் துணியில் சுற்றிச் சாக்கில் போட்டு, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நகராதபடி கட்டி வையுங்கள். என் பட்டறைத் தராசில் நிறுத்துப் பார்த்த கொக்கிகள் ஐந்து கிலோவுக்குக் குறைந்ததில்லை. கட்டாமல் கிடந்தால் திடீர் பிரேக்கில் அது உள்ளேயிருப்பவர் மேல் பாயும். டிராலியை மறுபடி மாட்டும்போது கிளிப் உட்கார்ந்திருப்பதைக் கையால் தொட்டுப் பார்த்து, காப்புச் சங்கிலியையும் பூட்டி, விளக்கு ஒயரைச் செருகிப் பின்விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பார்த்தபிறகு கிளம்புங்கள்.