கேள்வி பதில்: ஓட்டை போட்ட அட்டையும் கண்ணாடி வைத்த சில்லும்

கம்ப்யூட்டரின் பழைய காலம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, காட்பாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

அட்டையில் ஓட்டை போட்டுப் புரோகிராம் எழுதினீர்களாமே, அதில் தப்பு வந்தால் எப்படி சார் கண்டுபிடிப்பீர்கள்?
– கல்லூரி மாணவர், குடியாத்தம்

ஒரு வரிக்கு ஓர் அட்டை, தம்பி. அட்டையில் 80 கட்டம் அகலம், ஒவ்வொரு கட்டத்திலும் மேலிருந்து கீழே 12 இடம். ஃபோர்ட்ரான் மொழியில் முதல் 5 கட்டம் வரி எண்ணுக்கு, 6-ஆவது கட்டம் முந்தைய வரியின் தொடர்ச்சி என்று காட்ட, 7 முதல் 72 வரைதான் நாம் எழுதும் இடம். 1970களின் நடுவில் எனக்கு இங்கே பக்கத்தில் கம்ப்யூட்டர் எதுவும் கிடைக்கவில்லை. காட்பாடியில் ரயில் ஏறி, சுமார் 130 கிலோமீட்டர் போய், சென்னையில் ஒரு மையத்தின் கவுன்டரில் அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு வருவேன், அடுத்த வாரம் போனால் அச்சடித்த தாள் கிடைக்கும்.

ஒருமுறை ஓர் உத்தரத்தின் வளைவைப் பத்து இடங்களில் கணக்கிட எழுதியிருந்தேன். தாளில் வந்தது ஒரே ஒரு வரி. பிழை என்று ஒன்றுமே அச்சாகவில்லை, அதுதான் என்னை அலைக்கழித்தது. திரும்பும் ரயிலில் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டே வந்தேன், அரக்கோணம் தாண்டிய பிறகுதான் கண்ணில் பட்டது: ‘டூ 10 ஐ = 1,10’ (ஐ-யை 1 முதல் 10 வரை ஏற்றிக்கொண்டே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய் என்று பொருள்) என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘1.10’ என்று அடித்திருக்கிறேன். காற்புள்ளிக்குப் பதில் முற்றுப்புள்ளி, அவ்வளவுதான். பழைய ஃபோர்ட்ரான் இடைவெளிகளைக் கண்டுகொள்ளாது, அதனால் ‘டூ10ஐ’ என்று ஒரு மாறியை அதுவே உண்டாக்கி, அதில் 1.10 என்று போட்டுவிட்டு, சுற்றே இல்லாமல் நேராகக் கீழே போய்விட்டது. அந்த ஒரு புள்ளிக்கு ஒரு வாரம் போனது. அதற்குப் பிறகு கட்டைக் கொடுப்பதற்கு முன்னால், நானே கம்ப்யூட்டராக உட்கார்ந்து பென்சிலும் தாளுமாக முழுப் புரோகிராமையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை.

என் அப்பா 1980களில் சிஎம்சி-யில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். ஊரில் எல்லாரும் ஆஸ்பத்திரி என்றே நினைத்தார்கள். உண்மையில் அது என்ன?
– வாசகி, சத்துவாச்சாரி

வேலூரில் சிஎம்சி என்றால் வேறு எது நினைவுக்கு வரும்? ஆனால் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்று அப்போது இருந்த அரசு நிறுவனத்துக்கும் அதே சுருக்கப் பெயர்தான். வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கச் சொன்ன சட்டத்துக்கு உடன்படாமல் 1978-இல் ஐபிஎம் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனம் இந்தியாவை விட்டுப் போனது. அப்போது இங்கே ஓடிக்கொண்டிருந்த அவர்களுடைய இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்கள் இவர்கள். பெரிய வேலை அது, உங்கள் அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

மூன்றாவதாக இன்னொரு சிஎம்சி-யும் உண்டு. 8085 என்ற பழைய பிராசஸரில் (கம்ப்யூட்டரின் கணக்குப் போடும் சில்லு), கூட்டும்போது மிஞ்சுவதைக் குறிக்கும் ‘கேரி’ என்ற ஒற்றை பிட்டை, 0 என்றால் 1, 1 என்றால் 0 என்று திருப்பிப் போடும் கட்டளைக்கு அந்தப் பெயர், பதினாறு அடிமான முறையில் அதன் எண் 3எஃப். வேலூர்ப் பையன்களுக்குப் பாடம் எடுத்தபோது எல்லாரும் முதலில் மனப்பாடம் செய்த கட்டளை இதுதான்.

பழைய பெட்டியில் நடுவே வட்டக் கண்ணாடி வைத்த ஒரு சில்லு கிடைத்தது, மேலே 2716 என்று இருக்கிறது. எதற்கு அந்தக் கண்ணாடி?
– வாசகர், ராணிப்பேட்டை

பத்திரமாக வையுங்கள், அது ஈப்ராம், அதாவது அழித்துத் திரும்ப எழுதக்கூடிய நினைவுச் சில்லு. 2 கிலோபைட் பிடிக்கும். எழுத 25 வோல்ட் கொடுக்க வேண்டும், ஒரு பைட்டுக்கு 50 மில்லிசெகண்ட், முழுசாக நிரப்ப நூறு செகண்டுக்கு மேல் ஆகும். உள்ளே நான்கு பக்கமும் மூடிய ஒரு சின்னத் தகட்டில் எலெக்ட்ரான்கள் மாட்டிக்கொண்டால் அந்த பிட் 0, இல்லாவிட்டால் 1. புற ஊதா வெளிச்சம் பட்டால் அவை வெளியேறிவிடும், அழிக்கத்தான் அந்த ஜன்னல். விளக்குப் பெட்டியில் இருபது நிமிஷம் வைத்தால் போதும். எழுதி முடித்ததும் ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட வேண்டும், ஏனென்றால் நேர் வெயிலில் சுமார் ஒரு வாரம் கிடந்தாலே அழிந்துவிடும் என்று டேட்டா ஷீட்டிலேயே போட்டிருக்கும்.

அது எவ்வளவு உண்மை என்று ஒரு தோல் தொழிற்சாலையில் பார்த்தேன். தோல் ஊறும் டிரம்மை 5 நிமிஷம் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம் சுற்ற வைக்கும் கன்ட்ரோலர், நான் செய்து கொடுத்தது. இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடியது, திடீரென்று ஒரு பக்கம் மட்டும் 13 நிமிஷம் சுற்றுகிறது என்று ஆள் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால், சூடு தாங்காது என்று பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள், எதிரே மேற்குப் பார்த்த திறந்த ஜன்னல், ஸ்டிக்கர் காய்ந்து உரிந்து கீழே கிடக்கிறது. இரும எண்ணில் 5 என்பது 0101. வெயிலில் ஒரே ஒரு பூஜ்யம் ஒன்றாக மாறி 1101, அதாவது 13. வேலூர் மாவட்டத்து மே மாத வெயில் ஒரு பிட்டை மாற்றியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். சில்லை அழித்துத் திரும்ப எழுதி, மேலே வெள்ளித்தாள் ஒட்டி, அதன்மேல் கறுப்பு டேப்பும் சுற்றிக் கொடுத்தேன்.

பழைய 8085 பயிற்சிக் கிட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. எங்கே தொடங்குவது?
– பாலிடெக்னிக் மாணவி, ஆரணி

நல்ல பொருள் கிடைத்திருக்கிறது, அம்மா. ரேம் (நாம் எழுதி வைக்கும் நினைவகம்) எந்த முகவரியில் தொடங்குகிறது என்று கையேட்டில் பாருங்கள். 4100 என்றால் அங்கிருந்து இந்த ஒன்பது பைட்டையும் வரிசையாகப் போடுங்கள்: 3ஈ, 05, 06, 03, 80, 32, 00, 42, 76. ஐந்தையும் மூன்றையும் கூட்டி 4200-இல் வைக்கும் புரோகிராம் இது. முகவரியின் பின்பாதி முதலில் வரும், அதனால்தான் 42-க்கு முன்னால் 00. ஓட்டிவிட்டு ரீசெட் அழுத்தி 4200-ஐத் திறந்து பாருங்கள், 08 இருக்கும்.