மிகச் சிறியவற்றைப் பெரிதாகப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கப் பணம் இல்லை. கேமராவோடு வந்த கிட் லென்ஸை வைத்தே பூச்சிகளை நெருக்கமாகப் படமெடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். முதலில் காசே செலவில்லாமல் ஒரு சோதனை செய்து பாருங்கள். டிஎஸ்எல்ஆர் கேமராவில் இருக்கும் 18-55 எம்எம் ஜூம் லென்ஸைக் கழற்றி, முன்பக்கம் கேமராவைப் பார்க்கும்படி திருப்பி, கையால் சேர்த்துப் பிடியுங்கள். கேமராவை எம் மோடில் (எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவல் முறை) வைத்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் மேல் குனிந்தால், சில சென்டிமீட்டர் இடைவெளியில் சட்டென்று படம் துலங்கும். ஜூம் வளையத்தை 18-க்குத் திருப்பினால் இரண்டு மூன்று எழுத்துகளே திரையை அடைத்துக்கொள்ளும். தூரத்துப் பெரிய காட்சியைச் சிறிய சென்சாருக்குள் சுருக்குவதுதான் லென்ஸின் வழக்கமான வேலை. திருப்பிப் போட்டால் அதே வேலை தலைகீழாக நடக்கிறது.

பிடித்துப்போனால், லென்ஸைத் திருப்பியபடியே கேமராவில் மாட்ட உதவும் ரிவர்ஸ் ரிங் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். லென்ஸின் முன்விளிம்பில் குறுக்குக்கோடு போட்ட வட்டக் குறியும், பக்கத்தில் 52, 58 என்று ஓர் எண்ணும் இருக்கும். அந்த அளவும் உங்கள் கேமராவின் மவுண்ட்டும் (லென்ஸ் மாட்டும் வாய்) பொருந்த வேண்டும், அவ்வளவுதான். நிஜமான தலைவலி அப்பெர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை. கேனானில் லென்ஸைக் கழற்றினால் அது முழுக்கத் திறந்தே இருக்கும். டெப்த் ஆஃப் ஃபீல்டு ப்ரிவ்யூ பட்டன் (துளையை வைத்த அளவுக்குச் சுருக்கிக் காட்டுவது) உள்ள மாடல் என்றால், அப்பெர்ச்சரை எஃப் 8 அளவில் வைத்து, அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டே லென்ஸைக் கழற்றுங்கள், அப்படியே நின்றுவிடும். நிக்கான் ஜி வகை லென்ஸ் (அப்பெர்ச்சர் வளையம் இல்லாதது) இதற்கு நேர்மாறு, மூடிக்கொள்ளும். பின்னால் இருக்கும் குட்டி நெம்புகோலைத் தள்ளி, மடித்த காகிதத்தைச் செருகி நிறுத்தலாம். அப்பெர்ச்சர் வளையம் உள்ள பழைய 50 எம்எம் கிடைத்தால் இந்த வித்தை எதுவும் வேண்டாம்.

ஃபோகஸ் வளையத்தை மறந்துவிடுங்கள். எஃப் 8-லும் தெளிவாக விழுவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான், அதனால் உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துத்தான் பிடிக்க வேண்டும். இடது கையால் இலைக்காம்பைப் பிடித்து, அந்தக் கையின் மேலேயே லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். காற்றில் இலை ஆடினால் லென்ஸும் சேர்ந்தே ஆடும்.

என்னைக் கேட்டால், மிச்சமாகும் பணத்தையும் பொறுமையையும் வெளிச்சத்தில் போடுங்கள். கேமராவின் சொந்த ஃப்ளாஷை அப்படியே அடித்தால் லென்ஸின் நிழல் பூச்சி மேலேயே விழும். நீள உருளை டப்பாவில் வருகிற சிப்ஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு (இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம்), டப்பாவின் அடியை வெட்டி ஃப்ளாஷ் மேல் மாட்டுங்கள். உள்ளே வெள்ளிப்பூச்சு இருப்பதால் வெளிச்சம் லென்ஸின் நுனிவரை வந்து சேரும். மறுமுனையில் ட்ரேசிங் பேப்பர் ஒட்டிவிட்டால் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டு விழாமல் நிறம் அப்படியே வரும். ஷட்டர் வேகம் 1/160 நொடியில் இருந்தாலும் ஃப்ளாஷின் வெளிச்சம் அதைவிட மிகக் குறைந்த நேரமே நீடிப்பதால் கை நடுக்கம் பெரிதாகத் தெரியாது.

லென்ஸின் முன்னால் திருகி மாட்டும், பூதக்கண்ணாடி போன்ற +10 க்ளோஸ்-அப் கண்ணாடிகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். மலிவானவற்றில் ஒற்றைக் கண்ணாடிதான். ஓரமெல்லாம் ஊதாவும் பச்சையுமாகப் பிசிறடிக்கும்.

லென்ஸின் பின்பக்கம் வெளியே தெரிவதால் தூசி படும். பின்மூடி பழையது ஒன்று கிடைத்தால் நடுவை வெட்டிவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள். பழக, கறிவேப்பிலைச் செடியில் தொடங்குங்கள். கொழுந்து இலையில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி ஒரு மில்லிமீட்டர் அளவில் முட்டை இட்டிருக்கும். அது எங்கும் ஓடாது.